சங்கத்துக்கு மண்டபமும் கடைகளும்: கட்டடக்கலை நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணம் எதற்கு?

வணக்கம். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். டர்பனுக்கு வடக்கே, ஃபீனிக்ஸ் பகுதியில் உங்கள் சங்கத்துக்கு ஒரு மனை இருக்கிறது. கல்யாணம், காரியம், தமிழ் வகுப்பு, பொங்கல் விழா எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு மண்டபம், தெருவைப் பார்த்தபடி வாடகைக்கு விட நாலைந்து கடைகள் என்று கட்ட நினைக்கிறீர்கள். பொதுக் கட்டடங்களும் வணிகக் கட்டடங்களும் செய்து பழகிய ஒரு கட்டடக்கலை நிறுவனம் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்கிறது. பிளான் வரைபவர் ஒருவர் அதில் ஒரு சிறு பங்குக்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். “அந்த நிறுவனம் அப்படி என்னதான் செய்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். உறுப்பினர்கள் சேர்த்துக் கொடுத்த பணத்துக்கு நாளைக்குப் பொதுக்குழுவில் கணக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்ற கவலையும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

டர்பனில் பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கிளினிக், நூலகம், பள்ளிக் கட்டடம், கடைத்தொகுதி, அலுவலகம் என்று எங்கள் வேலை பெரும்பாலும் பொதுமக்கள் வந்துபோகும் இடங்களைச் சுற்றியே இருக்கிறது. நான் கட்டடக் கலைஞன். கட்டமைப்புப் பொறியாளரோ வழக்கறிஞரோ அல்லன். அவர்கள் துறையைத் தொடும் இடங்களில், என் வேலையில் அன்றாடம் பார்ப்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்த இரண்டு விலைகளையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியாது, ஏனென்றால் அவை ஒரே வேலைக்கான விலைகள் இல்லை. தென்னாப்பிரிக்காவில் இந்தத் தொழில் 2000ஆம் ஆண்டின் 44ஆம் எண் சட்டத்தின் கீழ் வருகிறது. அதன்படி அமைந்த, கட்டடக்கலைத் தொழிலைக் கண்காணித்துப் பதிவு செய்யும் கவுன்சிலைத் தொழிலில் இருப்பவர்கள் சாகாப் (SACAP) என்று சொல்கிறோம். அது ஒரு கட்டட வேலையை ஆறு கட்டங்களாகப் பிரிக்கிறது. முதலில் தேவையை அறிந்துகொள்வது. அடுத்து கருத்துருவும் அது சாத்தியமா என்ற ஆய்வும். மூன்றாவதாக வடிவமைப்பை விரித்துச் செய்வது. நான்காவதில் விரிவான வரைபடங்கள், மாநகராட்சி அனுமதி, ஒப்பந்தப்புள்ளி மூன்றும் அடங்கும். ஐந்தாவது கட்டுமானம். ஆறாவது கணக்கை முடித்து ஒப்படைப்பது. பிளான் வரைபவர் சொல்லும் விலை அநேகமாக நான்காவது கட்டத்தின் நடுவில், மாநகராட்சி முத்திரை விழுந்தவுடன் முடிந்துவிடும். நிறுவனத்தின் விலை ஆறாவது கட்டம் வரை போகும். என் கணிப்பில் உழைப்பில் பாதி அந்த முத்திரைக்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே இருவரிடமும் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, “உங்கள் வேலை எந்த இடத்தில் முடிகிறது?” என்பதுதான்.

இதைச் சொல்வதால் பிளான் வரைபவரைக் குறைத்துப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். சாகாப் பதிவில் நான்கு தகுதிகள் இருக்கின்றன: கட்டடக் கலைஞர், முதுநிலைத் தொழில்நுட்பர், தொழில்நுட்பர், வரைவாளர். நால்வருமே சட்டப்படி பதிவு பெற்றவர்கள். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை எடுக்கவோ கார் ஷெட் போடவோ நல்ல வரைவாளர் போதும், என் உறவினர்களுக்கே அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் எந்தத் தகுதிக்காரர் எந்த அளவு சிக்கலான கட்டடத்தைச் செய்யலாம் என்பதற்கு வரம்பு உண்டு. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கூடும் மண்டபத்தை வீட்டு விரிவாக்கத்தோடு சேர்த்து எண்ண முடியாது. உங்களிடம் விலை சொன்னவர் பதிவு பெற்றவரா, எந்தத் தகுதியில் என்பதை சாகாப்பின் பொதுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அதை இன்றே பார்த்துவிடுங்கள். பதிவே இல்லாதவர் என்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இனி நிறுவனம் செய்யும் வேலைக்கு வருகிறேன். பொதுக் கட்டடம் நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் முதல் கோடு வரைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. சங்கங்கள் வரும்போது “400 பேருக்கு மண்டபம்” என்று ஒரே வரியில் சொல்வார்கள். எங்கள் வேலை அந்த வரியைப் பிரிப்பது. 400 பேரும் உட்கார்ந்து மேடையைப் பார்க்கிறார்களா? அதே இடத்தில் மேசை போட்டுச் சாப்பிடுகிறார்களா? கல்யாணத்தில் முதல் பந்தி சாப்பிடும்போது மற்றவர்கள் எங்கே நிற்பார்கள்? காரியம் என்றால் வார நாளில், முன்னறிவிப்பு இல்லாமல் வரும். அன்று மாலை தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எங்கே போவார்கள்? சமையல் யார் செய்கிறார்கள்? நம் ஊர் விழாக்களில் பிரியாணியை அடுப்பறைக்குள் செய்வதில்லை. பின்முற்றத்தில் பெரிய பெரிய பானைகளை வைத்து, இரவே பத்துப் பதினைந்து பேர் கூடிக் கிண்டுவார்கள். நான் பார்த்த பல மண்டபங்களில் உள்ளே பளபளக்கும் ஸ்டீல் சமையலறை சும்மா கிடக்கிறது. வெளியே ஆட்கள் தார்ப்பாய்க்கு அடியில் மழையில் நனைந்துகொண்டு பானையைத் தூக்குகிறார்கள். தரையில் வாட்டம் இல்லை, கழுவிய தண்ணீர் நேராகக் கார் நிறுத்தும் இடத்துக்கு ஓடுகிறது. கூரை போட்ட திறந்த சமையல் இடம், கொதிக்கும் பானையைப் படி இல்லாமல் பரிமாறும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழி, எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டி ஆகியவற்றை முதலிலேயே கேட்டால் செலவு அதிகமில்லை. கட்டி முடித்த பிறகு சேர்த்தால் இரண்டு மடங்கு ஆகும்.

மண்டபத்தின் பரப்பளவுக்கு விதியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தேசியக் கட்டட விதிகளை எப்படி நிறைவேற்றுவது என்று சொல்லும் தரம் சான்ஸ் 10400. நிலையான இருக்கை இல்லாத கூட்ட அரங்கில் சதுர மீட்டருக்கு 1 ஆள் என்று அது கணக்கு வைக்கிறது. கடை என்றால் 10 சதுர மீட்டருக்கு 1 ஆள், அலுவலகம் என்றால் 15 சதுர மீட்டருக்கு 1 ஆள். 400 சதுர மீட்டர் தளம் கடையாக இருந்தால் 40 பேருக்கான வாசலும் கழிப்பறையும் போதும். அதே தளம் மண்டபமானால் 400 பேருக்கு வேண்டும். வாசல் எத்தனை, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், தீப்பிடித்தால் வெளியேறும் தூரம் 45 மீட்டரைத் தாண்டுகிறதா, பெண்கள் கழிப்பறையில் எத்தனை என்று எல்லாமே அந்த ஓர் எண்ணிலிருந்து பிறக்கின்றன. கார் நிறுத்தும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கார் நிற்கவும் திரும்பவும் ஏறக்குறைய 25 சதுர மீட்டர் வேண்டும். 4 பேருக்கு ஒரு கார் என்று வைத்தாலும் 400 பேருக்கு 100 கார், 2500 சதுர மீட்டர். மண்டபத்தைவிட ஆறு மடங்கு. எத்தனை கார் என்பதை மாநகராட்சியின் திட்ட விதிதான் தீர்மானிக்கும், நான் சொன்னது அளவு புரிவதற்காக மட்டும். ஆனால் பல சங்கங்களின் கனவு மண்டபம் சுருங்குவது இந்தக் கணக்கில்தான். அது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடுவது நல்லது.

உங்கள் மனையைப் பார்க்காமல் சொல்ல முடியாத விஷயங்களும் இருக்கின்றன. நம் க்வாசூலு-நேட்டால் மாகாணத்தில் சமதளம் அபூர்வம். வாசலுக்கும் தெருவுக்கும் 1 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால், சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12 மீட்டர் நீளம் வேண்டும். 1க்கு 12 என்பதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது விதி, நடுவில் நின்று மூச்சு வாங்கும் தளங்கள் தனி. மண்டபத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் தாத்தா பாட்டிகள். சாய்தளத்தைக் கடைசியில் பக்கவாட்டில் ஒட்ட வைக்கும் கட்டடத்தை நான் நல்ல கட்டடம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டியும் மணமகளும் ஒரே வாசலில் நுழைய வேண்டும். மண்ணைப் பொறுத்தவரை, கரையோர மேடுகளில் காணப்படும் ‘பெரியா’ (Berea) என்ற செம்மணல் காய்ந்திருக்கும்போது கல் போல நிற்கும், நீர் இறங்கினால் சட்டென்று அமுங்கும். உங்கள் மனையில் என்ன மண் என்பதைக் குழி தோண்டிப் பார்க்கும் மண் பரிசோதனைதான் சொல்லும். அதை வடிவமைப்புக்கு முன்பே செய்யுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். மழைநீர் உங்கள் மனைக்குள் எங்கிருந்து வருகிறது, உங்கள் கூரையில் விழுந்தது யார் மனைக்குள் போகிறது என்பது அதற்குப் பிறகு யாரும் தள்ளிப்போடக்கூடிய கேள்வி இல்லை. மனையில் பழைய கட்டடம் ஏதாவது இருந்து, அதற்கு 60 வயதுக்கு மேல் ஆகியிருந்தால், 1999ஆம் ஆண்டின் மரபுச் செல்வச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. நம் மாகாணத்தில் அதற்கு அமாஃபா என்ற மாகாண மரபுச் செல்வ அமைப்பிடம் போக வேண்டும்.

வாஸ்து பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். சாத்திரத்தில் எனக்குப் புலமை இல்லை, அதைக் கற்றவர்களிடம் கேளுங்கள். வெயிலையும் காற்றையும் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, ஏறக்குறைய 30 பாகையில் இருக்கிறோம். கிழக்கு எங்கும் கிழக்குதான், சூரியன் அங்கேதான் உதிக்கிறான். ஆனால் நண்பகலில் அவன் நமக்கு வடக்கே நிற்கிறான். ஜூன் நண்பகலில் வடவானில் சுமார் 37 பாகை உயரம், டிசம்பரில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். ஆகவே வடக்குச் சுவரில் ஜன்னல் வைத்து மேலே ஓரளவு நீண்ட தாழ்வாரம் போட்டால், கோடையில் நிழலும் குளிர்காலத்தில் வெயிலும் செலவில்லாமல் கிடைக்கும். தமிழ்நாட்டில் அச்சான புத்தகத்தில் தெற்கு வெயிலுக்கு எழுதிய யோசனையை இங்கே தெற்குச் சுவரில் செய்தால் பயன் இல்லை. மேற்குச் சுவர் இரண்டு நாட்டிலும் எதிரிதான், அங்கே கழிப்பறை, சாமான் அறை, படிக்கட்டு இவற்றை வையுங்கள். டர்பனில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ அடிக்கும், தென்மேற்குக் காற்றோடு மழையும் வரும். தென்மேற்கைப் பார்த்த பெரிய கதவுக்கு முன்னால் கூரை இல்லாவிட்டால் தரை எப்போதும் ஈரம். அக்னி மூலை என்று சொல்லும் தென்கிழக்கில் சமையலை வைத்தால், இந்த இரண்டு காற்றிலும் புகை மண்டபத்துக்குள் வராமல் ஒதுங்கிப் போகும். வடகிழக்குக் காற்று அதைத் தெற்குப் பக்கமாகக் கொண்டுபோகும், தென்மேற்குக் காற்று கிழக்குப் பக்கமாகக் கொண்டுபோகும். அந்த ஓர் ஏற்பாடு இந்த ஊரின் காற்றுக்கும் ஒத்துவருவதால், அதைச் செய்ய நான் தயங்க மாட்டேன்.

கடைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் மர்மம் குறைவு. வணிகக் கட்டடத்தில் கேள்வி ஒன்றே: கட்டும் பரப்பில் எவ்வளவு வாடகை தரும்? வராந்தா, படிக்கட்டு, குப்பை வைக்கும் இடம், சரக்கு இறக்கும் இடம் எதுவும் வாடகை தராது. ஆனால் அவற்றை வெட்டினால் வாடகைக்கு வருபவரே நிலைக்க மாட்டார். டர்பன் நகர மையத்தில் முன்பு கிரே தெரு என்றிருந்த, இன்று டாக்டர் யூசுஃப் தாதூ தெருவில் நடந்து பாருங்கள். கீழே கடை, நடைபாதைக்கு மேல் நிழல் தரும் வராந்தா, மேலே குடியிருப்பு, உள்ளே ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகும் ஆர்கேடு. நம் பெரியவர்கள் இனப்பாகுபாட்டுச் சட்டங்கள் நெருக்கிய காலத்தில் தங்கள் கைப்பணத்தில் எழுப்பிய அந்தக் கட்டடங்கள் எனக்கு இன்றும் பாடம். நான்கு கடைகளுக்கு அந்த நிழல் வராந்தா ஒன்று போதும், தெருவில் போகிறவர் மழைக்கு ஒதுங்கினால் கடைக்குள்ளும் பார்ப்பார். விதியில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடையும் மண்டபமும் வெவ்வேறு பயன்பாட்டு வகைகள். இரண்டுக்கும் நடுவில் தீத்தடுப்புச் சுவர் வேண்டும். பின்னால் எவராவது ஒரு கடையைச் சமையல் கடையாக மாற்றினால் அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

மாநகராட்சி அனுமதி எத்தனை நாளில் வரும் என்றும் கேட்டிருந்தீர்கள். 1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் சட்டத்தின் 7ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு 30 நாள், அதற்கு மேல் 60 நாள். அது சட்டம். நடைமுறையில் எத்தனை மாதம் என்பதற்கு யாராவது உறுதி கொடுத்தால் அந்த உறுதியை நம்ப வேண்டாம், ஏனென்றால் ஒரு தாள் குறைந்தாலும் கோப்பு திரும்பி வந்து கணக்கு முதலிலிருந்து தொடங்கும். தீயணைப்பு, வடிகால், போக்குவரத்து, நிலப் பயன்பாடு என்று ஒவ்வொரு துறையும் தனித்தனியாகப் பார்க்கிறது. 2011 முதல் எரிசக்தி விதியும் சேர்ந்திருக்கிறது, சூடுநீரில் குறைந்தது பாதியையாவது சாதாரண மின்சுருள் இல்லாத வேறு வழியில் சூடாக்க வேண்டும். வீடு கட்டிப் பழகிய வரைவாளருக்குச் சூரிய சக்தி ஹீட்டர் பழக்கமாக இருக்கும். 400 பேருக்கான சமையலறை வேறு கணக்கு. அனுமதி கிடைத்த பிறகு 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். பணம் சேராமல் அனுமதிக்கு ஓடும் சங்கங்கள் இங்கே மாட்டிக்கொள்கின்றன.

இனி ஐந்தாவது கட்டம், கட்டுமானம். செலவைக் குறைக்க எல்லோரும் முதலில் வெட்ட நினைப்பது இதைத்தான், நான் கடைசி வரை வெட்ட விடாததும் இதுதான். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் மாலை தளத்தின் மேல் ஏறிப் பார்ப்போம். கம்பி முழுவதும் கட்டியிருக்கும். நான் குனிந்து பார்ப்பது கம்பிக்கு அடியில் வைத்த சிறிய கவர் பிளாக்குகளை. கம்பி பலகையைத் தொடாமல் அவைதான் தூக்கிப் பிடிக்கின்றன. வேலையாட்கள் மேலே நடந்து நடந்து சில பிளாக்குகள் சாய்ந்திருக்கும், சில இடத்தில் கம்பி பலகையில் உட்கார்ந்திருக்கும். கான்கிரீட் விழுந்துவிட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. கடற்காற்று உப்பைக் கொண்டுவரும் இந்த ஊரில், சில ஆண்டுகளில் அந்த இடத்தில் துருக்கறை தெரியும், பிறகு பூச்சு வெடிக்கும், பிறகு தளத்தின் அடிப்பகுதி துண்டு துண்டாக விழும். அன்று மாலை செலவாவது கொஞ்ச நேரமும் சில பிளாக்குகளும்தான். எலக்ட்ரீஷியன் குழாய் விடுவதற்காகக் கம்பியை ஓரமாகத் தள்ளியிருப்பார், அதையும் பொறியாளரை அழைத்துக் காட்ட வேண்டும். கம்பியின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் பொறுப்பு பொறியாளருடையது, அவர் கையெழுத்து இல்லாமல் ஊற்றக் கூடாது. போட்ட கான்கிரீட்டிலிருந்து கட்டிகள் எடுத்து 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பார்த்து, அந்த அறிக்கையைக் கோப்பில் வைக்க வேண்டும்.

இது வெறும் சம்பிரதாயம் என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால், உங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே டொங்காட் இருக்கிறது. 2013 நவம்பர் 19 அன்று அங்கே கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் சரிந்து இருவர் இறந்தார்கள், 29 பேர் காயமடைந்தார்கள். பிளானுக்கு அனுமதி இல்லாமல், வேலையை நிறுத்தச் சொன்ன நீதிமன்றத் தடையையும் மீறி நடந்த கட்டுமானம் அது. 2024 மே 6 அன்று ஜார்ஜ் நகரில் கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடிக் கட்டடம் விழுந்து 34 பேர் இறந்தார்கள். பலியானவர்கள் அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள். உங்கள் குழுவில் பலருக்குத் தெரியாத ஒன்று: 2014ஆம் ஆண்டின் கட்டுமான விதிமுறைகளின்படி, வேலையிடத்தின் பாதுகாப்பில் கட்டச் சொல்பவருக்கும் கடமை உண்டு. முழுப் பொறுப்பையும் கான்ட்ராக்டர் மேல் போட்டுவிட்டு ஒதுங்க முடியாது. ஆபத்துகளை முன்கூட்டியே மதிப்பிட்டு எழுதித் தருவதும், தகுதியுள்ளவரைத்தான் வேலைக்கு வைத்தோம் என்று உறுதி செய்வதும் கட்டச் சொல்பவரின் வேலை. இங்கே கட்டச் சொல்பவர் உங்கள் சங்கம். இதன் சட்ட விளைவுகள் தனித்தனி உறுப்பினர்கள் வரை எவ்வளவு தூரம் போகும் என்பது உங்கள் சங்க விதிகளைப் பொறுத்தது. அதற்கு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

பணம் போகும் வழியும் இந்தக் கட்டத்தில்தான் ஒழுங்காகிறது. இங்கே பெரும்பாலான தனியார் கட்டுமானங்கள் ஜேபிசிசி (JBCC) என்ற பொது மாதிரி ஒப்பந்தத்தில் நடக்கின்றன. அதில் கட்டச் சொல்பவரின் சார்பில் ஒப்பந்தத்தை நடத்தும் முதன்மை முகவர் மாதந்தோறும் நடந்த வேலையை மதிப்பிட்டுச் சான்று எழுதுவார், அந்தச் சான்றுக்கு மட்டுமே நீங்கள் பணம் கொடுப்பீர்கள். “சிமெண்ட் வாங்க அட்வான்ஸ் கொடுங்கள்” என்ற பேச்சுக்கு அங்கே இடம் இல்லை. கட்டடம் பயன்பாட்டுக்குத் தயாரானதும் நடைமுறை நிறைவுச் சான்று. பிறகு பட்டியலில் மிஞ்சிய குறைகளை முடித்து, 90 நாள் குறைபாட்டுக் காலம். வெளியில் தெரியாத குறைகளுக்குக் கான்ட்ராக்டரின் பொறுப்பு இறுதி நிறைவிலிருந்து 5 ஆண்டுகள் தொடரும். இவை தவிர மாநகராட்சியின் குடிபுகு சான்று இல்லாமல் ஒரு நிகழ்ச்சிகூட நடத்தக் கூடாது, அது மேலே சொன்ன 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. அந்தச் சான்றுக்கு முன்னால் பொறியாளர், தீயணைப்பு வடிவமைப்பாளர் ஆகியோரின் நிறைவுச் சான்றுகள் கோப்பில் இருக்க வேண்டும். வரைபடத்தோடு விலகிப்போனவரை ஓராண்டு கழித்துத் தேடிப் பிடித்து இதையெல்லாம் சேர்க்க முடியாமல், கட்டி முடித்த மண்டபத்துக்குக் காப்பீடும் எடுக்க முடியாமல் நிற்கும் சங்கங்களை நான் அறிவேன்.

நிறுவனங்கள் எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல வரவில்லை. விளக்கக்காட்சிக்கு மூத்தவர் வந்து பேசுவார், ஒப்பந்தம் ஆன பிறகு படிப்பு முடித்த முதல் ஆண்டுப் பிள்ளையிடம் வேலை போய்விடும். இது இந்தத் தொழிலில் நடக்கிறது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் நல்ல நிறுவனம் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் நகரத்தின் பெயர் சொல்லும் உதாரணம் இருக்கிறது. ஜோகனஸ்பர்க்கில் உள்ள அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு 1997இல் போட்டி நடந்தபோது வென்றது, டர்பனில் இருந்த ஓஎம்எம் டிசைன் ஒர்க்‌ஷாப்பும் ஜோகனஸ்பர்க்கின் அர்பன் சொலூஷன்ஸும் சேர்ந்த குழு. 2004 மார்ச் 21 அன்று அது திறக்கப்பட்டது. அந்த இடத்தில் முன்பு இருந்த பழைய சிறையின் விசாரணைக் கைதிகள் பிரிவை இடித்த செங்கற்களை நீதிமன்ற அரங்கின் சுவரில் வைத்தார்கள். அந்தப் பிரிவின் படிக்கட்டுக் கோபுரங்களை இடிக்காமல் நிற்க விட்டார்கள். நீதிபதிகளுக்குப் பின்னால் நீளமான கண்ணாடிப் பட்டை ஒன்று ஓடுகிறது, அதில் வெளியே நடந்துபோகிறவர்களின் கால்கள் தெரியும். யார் இங்கே வருவார்கள், அவர்களுக்கு இந்த இடம் என்னவாக இருக்க வேண்டும் என்று விடாமல் கேட்டதால் கிடைத்த முடிவுகள் அவை. உங்கள் மண்டபத்துக்கும் அதே கேள்வியைக் கேட்கும் நிறுவனமா என்று பாருங்கள். முதல் சந்திப்பில் உங்களைக் கேள்வி கேட்காமல் தங்கள் படங்களை மட்டும் காட்டுகிறவர்கள் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முழு ஒப்பந்தத்தில் இப்போதே கையெழுத்துப் போட மாட்டேன். முதல் இரண்டு கட்டங்களுக்கு மட்டும் குறிப்பிட்ட தொகை பேசி ஒப்பந்தம் செய்வேன். அதற்குள் மண் பரிசோதனை, மண்டபத்தின் உண்மையான அளவு, கார் கணக்கு, செலவு மதிப்பீடு நான்கும் வந்துவிட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு பொதுக்குழுவுக்குப் போகலாம். பணம் போதாது என்று தெரிந்தால் மண்டபத்தைச் சிறிதாக்குவேன், கடைகளை இரண்டாம் தவணைக்குத் தள்ளுவேன், கட்டுமான மேற்பார்வையை மட்டும் வெட்ட மாட்டேன். நிறுவனத்திடம் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்பேன்: பொறுப்பேற்கும் நபரின் சாகாப் பதிவு எண், அவர்கள் தொழிலில் செய்யும் தவறால் வரும் நட்டத்தை ஈடுசெய்யும் தொழில்சார் இழப்பீட்டுக் காப்பீட்டின் கடிதம், வேலையிடத்துக்கு நேரில் வரப்போகிறவர் யார், எத்தனை நாளுக்கு ஒரு முறை வருவார். அவர்கள் முடித்த மண்டபம் ஒன்றை, கட்டிச் சில ஆண்டுகள் ஆனதாகப் பார்த்து, அதைப் பராமரிக்கும் காவலாளியிடம் பத்து நிமிடம் பேசுவேன். எங்கே ஒழுகுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

மனையின் சர்வே வரைபடமும் பத்திரத்தில் உள்ள நிபந்தனைகளும் கையில் கிடைத்ததும் மறுபடி எழுதுங்கள். பத்திரத்தில் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை இருந்தால் கடைகளைப் பற்றி நான் மேலே சொன்ன அனைத்தும் அதற்குப் பின்னால்தான். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.